புத்தகத்தை மூடிவிட்டு எழுதிய விடை

ஆகஸ்ட் 9, சனி
மழை. செம்பூரில் ரயில் தாமதம். முதலாண்டு மாணவர்களுக்குப் ‘படிக்கும் முறை’ வகுப்பு. இந்த ஆண்டும் என் தலையில். அறுபது முகங்கள். புரிந்தாலும் புரியாவிட்டாலும் எழுதிக்கொண்டே இருக்கும் அறுபது கைகள். நான் இருமியதையும் எழுதியிருப்பார்கள். கட்டளைகள் மூன்று: பத்தியைப் படி. புத்தகத்தை மூடு. சொந்த வார்த்தையில், சொந்த உதாரணத்தோடு எழுது. வாசலில் விற்கும் ஜெராக்ஸ் நோட்ஸை உருப்போடுகிறவனுக்கு மூளை எதற்கு என்றேன். சிரித்தார்கள். தாராவியிலிருந்து வரும் இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினாள்.

ஆகஸ்ட் 20, புதன்
புள்ளியியல் உள்தேர்வுத் தாள்கள். முதுகுவலி. பால், மாத்திரை வாங்க வேண்டும்.
நான்காம் வினா: சில எண்கள் மட்டும் மிகப் பெரியவை என்றால் நம்பத்தக்கது சராசரியா, இடைநிலையா? விடைக்குறிப்பில்: சராசரி. அனைவரிடமும் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை. முழு மதிப்பெண். இசக்கியம்மாள் மட்டும் ‘இடைநிலை’. கூடவே அரைப்பக்கக் கதை. படிக்கவில்லை. சுழி. சிவப்பு மையில்: ‘கதை வேண்டாம்’. இரண்டு மதிப்பெண்ணில் தோல்வி.

ஆகஸ்ட் 22, வெள்ளி
தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். “கதை சொல்ல உங்கள் சந்து இருக்கிறது, அம்மா. இது கல்லூரி.” வகுப்பு அதிரச் சிரிப்பு. “ஏய், கஹானிவாலி!” என்று பின்வரிசையில் ஒருவன். கதைக்காரியாம்.
பிறகு என் அறைக்கு வந்தாள். அழவில்லை.
“நீங்கதான சார் புஸ்தகத்த மூடிட்டு எழுதச் சொன்னிய? எங்க சந்துல பத்து வீடு, ஒவ்வொண்ணும் நூறு சதுர அடி. மூலையில சேட்டு கோடவுன், நாலாயிரத்து ஐந்நூறு. சராசரி பாத்தா எங்க எல்லாருக்கும் ஐந்நூறு அடி வீடு. வரிசையா அடுக்கி நடுவுல உள்ளதப் பாத்தா நூறுதான். வந்து பாருங்க சார், கால நீட்ட முடியாது.”
சரியான விடை. இதைவிடத் தெளிவாக நானே சொன்னதில்லை.
“ஃபெயில்னா டிரஸ்ட் ஸ்காலர்ஷிப் நின்னிரும். அம்மை தோல் பை தைக்க இழுத்துட்டுப் போயிருவா.”
விடைக்குறிப்பைத் தேடிப் போனேன். ஜெராக்ஸ் நோட்ஸைப் பார்த்துத் தட்டச்சு செய்தது. நோட்ஸ் என் வகுப்பில் எடுத்தது. எந்த ஆண்டோ வாய் தவறி மாற்றிச் சொன்னது. இத்தனை ஆண்டில் கேள்வி கேட்டவர் ஒருவரும் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்
துறைத்தலைவர், மாட்டுங்காக்காரர், காபியைக் கீழே வைக்கவே இல்லை.
“மார்க் ஏத்தற போர்ட்டல் மூடியாச்சு ஓய். தொறந்தா மத்த அம்பத்தொம்பது பேருக்கும் மார்க்கக் குறைக்கணும். பாதி வகுப்பு ஃபெயில். யார் பதில் சொல்றது, நீரா? ஜானே தோ, விட்டுத்தள்ளும்.”
டிரஸ்டுக்குத் தொலைபேசினேன். ஒருமுறை பொறுப்பார்களாம், செமஸ்டரில் இதே தாளில் தேறியாக வேண்டுமாம்.
செமஸ்டர் தாள்களைத் திருத்துவது வேறு கல்லூரிகள். விசாரித்தேன். டோம்பிவிலியிலும் அதே ஜெராக்ஸ், உல்லாஸ்நகரிலும் அதே. நகலெடுத்து நகலெடுத்து என் பெயர் மட்டும் உதிர்ந்துவிட்டது; பிழை உதிரவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்
வெயில். பிழை என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். வகுப்பில் சொல்லவில்லை.
அவள் மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.
“செமஸ்டர்ல இதே கேள்வி வந்தா எத எழுதணும் சார்?”
சராசரி என்று எழுது, என்றேன்.