மாப்பிள்ளை வரமாட்டார் என்று சொல்ல வந்தவனுக்கு

என் பிரியமான மச்சான் சேவியர்,

நம் கோயில் ஹோலில் கல்யாண நாடகத்தை மறுபடி போடுகிறார்கள். வருகிற ஞாயிறு. நீ கண்ணை மூடிய பிறகு போடுகிற முதல் தடவை. இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேற்றிலிருந்து தாளும் பேனையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

சேதி கொண்டு ஓடி வருகிறவன் என்ற உன் வேடத்தை எடுத்துவிடப் பார்த்தார்கள், மச்சான். இப்போது நாடகத்தை நடத்துவது ஷெரின் டீச்சர். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. "அங்கிள், இந்தக் காலத்துல யாரு ஓடி வந்து சேதி சொல்றாங்க? பொண்ணோட அப்பாவுக்கு ஒரு கோல் வரட்டும். மாப்பிள்ளை வரமாட்டாருன்னு போன்லயே சொல்லிடலாம்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவனுக்கு இதில் பேச என்ன உரிமை? இருந்தும் கையை உயர்த்தினேன். மாப்பிள்ளை வேறொருத்தியோடு போய்விட்டான் என்ற சேதி வந்தவனின் தொண்டையில் நிற்கிறது. பெண்ணின் அப்பாவோ அவனைப் பேசவிடாமல் கதிரையைத் தூக்கு, குடையைப் பிடி, வாழைக்குலையைக் கட்டு என்று ஏவிக்கொண்டே இருக்கிறார். சனம் சிரிப்பது அதற்குத்தான் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். கடைசியில், "போன் கையில குடையக் குடுக்க முடியுமா, டீச்சர்?" என்றும் கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப நீங்களே நடிங்க, அங்கிள்."

வீட்டில் உன் தங்கச்சி விட்டாளா? "நீங்களா? பஸ்ஸ நிப்பாட்டவே உங்களுக்குச் சத்தம் வராது! எங்கண்ணன் சும்மா வந்து நின்னாலே சனம் சிரிக்கும்." அவள் சொல்வது சரிதானே? ஆனால் மறுநாள் காலை, என் சட்டைகளில் ஒன்றை எடுத்து, ஓடி வந்தவன் சட்டை மாதிரி இருக்கட்டும் என்று தோளில் ஒரு கிழிசல் போட்டு வைத்திருந்தாள்.

முதல் ஒத்திகையில் பெண்ணின் அப்பா குடையை என் கையில் திணித்ததும், பழக்கத்தில் "நன்றிங்க ஐயா" என்றுவிட்டேன். அது வசனத்தில் இல்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஷெரின், "ஐயோ, அத மட்டும் விட்டுடாதீங்க அங்கிள்!" என்றாள். அந்தச் சிரிப்பு வேடத்துக்கா, எனக்கா? நீ இருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பாய்.

சேதியை விழுங்கி விழுங்கி நீ வாயைத் திறந்து மூடுவாயே, அது எனக்கு வரவில்லை. கண்ணாடி முன் செய்து பார்த்தேன். பல்வலிக்காரன் போல இருக்கிறது. அதையும் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாளாக ஒரு துணிச்சல் வந்திருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஞாயிறு நான் மேடையேறுவேன். "நீ எதுக்குடா வந்தே?" என்று பெண்ணின் அப்பா கடைசிக் காட்சியில் கேட்கும்வரை இறங்க மாட்டேன். கால் நடுங்கும். நடுங்கட்டுமே, அவ்வளவு தூரம் ஓடி வந்தவன் கால்தானே.

உன் தங்கச்சியைக் கட்டிய மச்சான்,
அந்தோணி