கூடாரம் கிடைத்தது, நல்ல தரம்

ஜூன் 8, ஞாயிறு

மரணாதார சங்கத்துக் கூட்டம். கோயில் வாசலில் சீக்கிரம் முடிந்திருக்க வேண்டியது, என்னால் மதியம் வரை இழுத்தது. செயலாளர் நான். புதுக் கூடாரம் எங்கே என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்தால் ஹட்டன் டவுனில் கூடாரம் வாடகைக்கு எடுக்கிறோம், அவன் கேட்பதைக் கொடுக்கிறோம். சங்கக் காசில் சொந்தமாக ஒன்று வாங்குவோம், ஃபேஸ்புக்கில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று போன கூட்டத்தில் மார்தட்டியது நான்தானே.

"பார்சல் வழியில இருக்கு" என்றேன். எந்த வழியில் என்று எனக்கே தெரியாது.

ஜூன் 11, புதன்

ஃபேஸ்புக் கடைக்காரன் போனை எடுக்கவில்லை. அனுப்பிய மெசேஜையெல்லாம் பார்க்கிறான், பதில் மட்டும் இல்லை.

ஜூன் 14, சனி

எடுத்தான்! இனிக்க இனிக்கப் பேசுகிறான், அதுவும் நம்ம பாஷையில். "அண்ணே, டெலிவரி ஆயிருச்சுன்னு காட்டுதே. உங்க எஸ்டேட்டுல யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்க."

யாரோ! தோட்ட ஆபீசுக்கு ஓடினேன். லயத்தில் வரிசையாக இருக்கும் வீட்டுக் காம்பராக்களுக்கு இலக்கம் கிடையாது, யாருக்கு என்ன வந்தாலும் ஆபீசுக்குத்தான் வரும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கிளார்க் ஐயா எனக்காக மேசைக்கு அடியில்கூடத் தேடினார். ஒன்றும் வரவில்லை.

இந்த முகவரியால்தான் முன்பணமும் கட்டினேன். சாமான் கைக்கு வந்ததும் காசு தருகிறேன் என்றதற்கு, "எஸ்டேட் அட்ரஸுக்கு அது கிடையாதுண்ணே, முழுசா முன்னுக்கே போடணும்" என்றான். எனக்கு அது விநோதமாகப் படவே இல்லை. எங்களுக்கு எது நேராக வாசலுக்கு வந்திருக்கிறது? கொழும்பில் இருக்கிறவனாக இருந்தால் சிரித்துவிட்டுப் போனை வைத்திருப்பான். நான் "சரி தம்பி" என்றேன். மடையன்.

ஜூன் 19, வியாழன்

மூன்றாம் லயத்துச் செல்லசாமி அண்ணன் விடியற்காலையில் போய்விட்டார். இழுப்புதான். மழை விட்டபாடில்லை. வாடகைக்காரனிடம் கடன் சொல்லலாம் என்று ஹட்டனுக்குப் போனேன். அவன் கூடாரங்கள் எல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. திரும்பி வரும்போது பஸ் எங்கேயாவது நின்றுபோனால் தேவலை என்று இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. வேறு யாரிடம் சொல்வது?

காம்பராவுக்குள் பெட்டி வைக்க இடம் ஏது? வாசலில்தான் வைக்க வேண்டும். தார்ப்பாய்களைச் சேர்த்துத் தைத்து மூங்கிலில் கட்டினோம். நடுவில் தண்ணீர் தேங்கித் தேங்கி, பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருக்கும்போதே பிய்ந்து பெட்டி மேல் கொட்டியது. அண்ணனுக்குப் போட்டிருந்த புதுச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அவர் சம்சாரம் அம்மாக்கண்ணு அக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு தடவை பார்த்தார்.

திட்டியிருக்கலாமே அக்கா. வாய் விட்டுத் திட்டியிருக்கலாமே நீங்க. அந்த மனுசன் சம்பளத்துல மாசா மாசம் புடிச்ச காசு. இந்த ஒரு நாளைக்குன்னு புடிச்ச காசு. அதத்தானே நான் எவனுக்கோ தூக்கிக் குடுத்தேன்!

ஜூன் 23, திங்கள்

தேயிலைப் பெக்டரியில் லீவு போட்டுவிட்டுப் பொலிசுக்குப் போனேன். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, எனக்கு நிதானமாகச் சொல்லிக் காட்டினார்கள். நல்ல மாதிரித்தான் பேசினார்கள். நான் காசு போட்ட கணக்கு யாருடையது என்று வங்கியில் கேட்டு வரச் சொன்னார்கள். வங்கியில், பொலிஸ் கேட்டால்தான் சொல்லலாம் என்றார்கள். இரண்டு இடமும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன. நான்தான் நடந்தேன்.

லயத்தில் ஒரு காம்பராவுக்கும் மற்றதுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். பக்கத்தில் என் பேர் வந்ததும் பேச்சுச் சத்தம் சட்டென்று இறங்குகிறது. அது இறங்குவதும் எனக்குக் கேட்கிறது. பீலிக்கரைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் இடம் விட்டு ஒதுங்குகிறார்கள். என் சம்சாரம் நிஷாந்தி தண்ணீருக்குப் போவதையே குறைத்துவிட்டாள். உள்ளேயும் இருக்க முடியவில்லை, வெளியேயும் போக முடியவில்லை. இது என்ன பிழைப்பு?

ஜூன் 24, செவ்வாய்

எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் எழுதிப் போட்டேன். கடையின் பேர், போன் நம்பர், பிய்ந்து தொங்கிய தார்ப்பாயின் படம். பொகவந்தலாவையிலிருந்து உடப்புசல்லாவை வரைக்கும் பகிர்கிறார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறார்கள் அவனை. இன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

ஜூன் 26, வியாழன்

அவனே கூப்பிட்டான். கோபமே இல்லை. "அண்ணே, உங்களால யாவாரம் நின்னுபோச்சு. காசு முழுசும் திருப்பித் தாரேன். அந்தப் பதிவ அழிச்சிட்டு, கூடாரம் கிடைத்தது, நல்ல தரம்னு ஒண்ணு போடுங்க. படம் நானே அனுப்புறேன்."

முடியாது என்றேன். "யோசிச்சு சொல்லுங்கண்ணே, அவசரமில்ல" என்றான். அவனுக்கு என்ன அவசரம்?

ஜூன் 27, வெள்ளி

சங்கத் தலைவர் இராமையா மாமாவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "பொதுக் காசு தம்பி. எப்படியாச்சும் வந்தாச் சரி. அடுத்த மழைக்குள்ள இன்னொரு பெட்டி வாசலுக்கு வந்தா நீயும் நானும் எங்க போய் ஒளியிறது?"

நிஷாந்தி அடுப்பை விட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "போட்டுத் தொலைங்க. என்னால அம்மாக்கண்ணு அக்கா மூஞ்சியப் பாக்க முடியல."

யாராவது வேண்டாம் என்று சொல்வார்கள் என்று பார்த்தேன்.

ஜூன் 28, சனி

போட்டேன். என் பேரில், என் சங்கத்தின் பேரில். அவன் அனுப்பிய படத்தில் வெள்ளைக் கூடாரம், பின்னால் தேயிலை மலை. யாருடைய மலையோ.

ஜூலை 1, செவ்வாய்

காசு வந்துவிட்டது. ஒரு சதமும் குறையவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஹட்டனில் கடைக்காரர் விரித்துக் காட்டி, நாங்கள் தொட்டுப் பார்த்து வாங்கிய கூடாரத்தைக் கோயில் வாசலில் கட்டிப் பார்த்தோம். கைதட்டினார்கள். "விஜிதரன் விடாப்பிடிக்காரன், காச வாங்கிட்டான் பாத்தியா" என்று மாமா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அம்மாக்கண்ணு அக்கா வரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தக் கடைப் பக்கத்தைத் திறந்தேன். 'அருமையான சேவை', 'சொன்ன நாளில் வந்தது', 'நம்பி வாங்கலாம்'. நான் காசு கட்டுமுன் வாசித்து நம்பியவைதான். எல்லாவற்றுக்கும் மேலே இப்போது என்னுடையது. இவர்களில் எத்தனை பேர் என் மாதிரி?

ஜூலை 17, வியாழன்

பெக்டரி வாசலில் நிற்கும்போது தெரியாத நம்பர். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம், பேர் மதுரன், அங்கே அவன்தான் சங்கச் செயலாளராம். "அண்ணே, உங்க பதிவப் பாத்துட்டுத்தான் காசு போட்டோம். இன்னும் வரல. இங்க ஒரு சாவு விழுந்திருச்சு. உங்களுக்கு எப்பண்ணே வந்து சேந்துச்சு?"

பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. மழையும்.

வாயில் வந்ததைச் சொன்னேன்: "எங்க டென்ட எடுத்துக்கிட்டு நானே வர்றேன் தம்பி."

ஜூலை 18, வெள்ளி

இராமையா மாமாவிடம் தெரிந்தவர்கள் வீட்டுச் சாவு என்று சொல்லிவிட்டு, என் கைக்காசில் லொறி பிடித்து, கந்தப்பளை வழியாக மழையோடு மழையாகப் போய்ச் சேர்ந்தேன். இறந்தது கொழுந்தெடுக்கிற ஒரு பொம்பளை, சின்ன வயசு. நானும் அந்தத் தோட்டத்துப் பையன்களுமாகக் கட்டினோம். ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. ஒரு பெரியவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சாமி மாதிரி வந்தீங்க" என்றார். கையை இழுத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றேன்.

மதுரனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். கூடாரத் துணியைத் தடவிப் பார்த்து, "நல்ல கனம்ணே. எங்களுக்கும் இதேதானே வரும்?" என்று கேட்டான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பெட்டியை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? தலையை ஆட்டி வைத்தேன்.

அடக்கம் முடிந்து, கூடாரத்தை மடித்துக் கட்டும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவு பொய், படம் அவன் அனுப்பியது, இது ஹட்டனில் வாங்கியது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

அவன் கயிற்றை மெதுவாகச் சுருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அப்ப நாங்களும் அப்படி எழுதிப் போட்டா, காசு வந்துருமாண்ணே?"

வரும் என்றேன்.