மூலை மேஜைக்கு முதல் தட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று அப்பா சொல்கிறார். உன் கையால் ஒரு வரி வந்தால் நானும் நம்புவேன். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

வீட்டில் எல்லோரும் சுகம். கீழே ரெஸ்டாரண்டில் வழக்கம்போல் கூட்டம். சனிக்கிழமைக்கு மேஜை கேட்டால் அடுத்த மாதம் வாருங்கள் என்கிறார்கள். வாசலில் கொள்ளுத்தாத்தா படத்துக்குக் கீழே நம் கதையை அச்சடித்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். பள்ளியில் குடும்ப வரலாறு எழுதச் சொன்னபோது அதைத்தான் பார்த்து எழுதினேன். அவர் தெருவோரத்தில் கடை போட்டது, பிறகு வெள்ளை விரிப்பும் வெள்ளிக் கரண்டியும் வாங்கியது, தினமும் கதவு திறக்கும் முன் மூலை மேஜையில் உட்கார்ந்து முதல் தட்டைத் தானே சாப்பிட்டுப் பார்த்தது, அவர் இறந்த பிறகும் முதல் தட்டு அங்கேதான் போவது, எல்லாம் அதில் இருக்கிறது. தட்டு காலியாகத் திரும்பி வருவது மட்டும் அதில் இல்லை.

"அந்தச் சாப்பாட்டை அப்புறம் யாரும்மா சாப்பிடுவாங்க?" என்று டீச்சர் கேட்டார். பூனை என்றேன். வகுப்பே சிரித்தது.

நம் சர்வர் மீசை அண்ணன் இப்போதும், "அந்த டேபிள்காரர் தங்கமான மனுஷன். குறையும் சொல்ல மாட்டார், டிப்ஸும் வைக்க மாட்டார்" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். ஆனால் அந்தப் பக்கம் தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னால் அவருக்கு உடனே வேறு வேலை வந்துவிடும்.

முன்பு அத்தைதான் கொண்டுபோவாள். அவள் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள், பிறகு நீ கொண்டுபோனாய். ஒருநாள் திரும்பி வந்த தட்டில் ரொட்டியின் ஓரத்தையெல்லாம் பிய்த்து வட்டமாக வைத்திருந்தது. "அத்தை இப்படித்தானேடி சாப்பிடுவா" என்று என் காதில் சொன்னாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

இப்போது நீயும் வெளிநாட்டில். படிப்பு என்கிறார் அப்பா. உன் செருப்பெல்லாம் படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

நீ போன மறுநாளிலிருந்து அப்பாவே தட்டைக் கொண்டுபோகிறார். ரொட்டி ஓரம் மிஞ்சுவதில்லை. வெங்காயம் மிஞ்சுகிறது, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக. கரண்டி இடது பக்கம் கிடக்கிறது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அப்பா பாத்திரம் கழுவும் தொட்டியருகே குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருப்பார்.

"இதோட நிறுத்திடுங்களேன்" என்று அம்மா கேட்டாள். "நிறுத்தினா அவ பசியோட இருப்பாளே" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை.

இன்று அப்பா என்னைக் கூப்பிட்டார். "என்னால அந்தத் தட்டைத் திரும்ப எடுக்க முடியலம்மா. நாளையிலிருந்து நீ கொண்டுபோ. வச்சுட்டு நேரா வந்துடு. பின்னால மட்டும் திரும்பிப் பார்க்காத" என்றார். அம்மா உன் ஏப்ரனை எடுத்து என் அளவுக்குப் பிடித்துத் தைத்தாள். ஊசி இரண்டு முறை அவள் விரலில் குத்தியது.

நீ திரும்பிப் பார்த்தாயா அக்கா? அத்தை கூப்பிட்டாளா? நீ போனதும் அத்தையின் ரொட்டி ஓரம் நின்றுவிட்டது. அவள் அங்கிருந்து எழுந்து எங்கே போனாள்? வீட்டுக்கு வரவில்லையே.

எனக்கு ரொட்டி ஓரமும் பிடிக்கும், வெங்காயமும் பிடிக்கும். அங்கே உட்கார்ந்து நான் சாப்பிட்டால் தட்டு சுத்தமாகத் திரும்பிவரும். சாப்பிட்டது நான்தான் என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

இதைத் தபாலில் போடவில்லை. நாளை தட்டுக்கு அடியில் மடித்து வைப்பேன். நீ நிஜமாகவே வெளிநாட்டில் இருந்தால் இது உனக்குக் கிடைக்காது. கிடைக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

கிடைத்தால், என்னைக் கூப்பிடாதே. உனக்குக் கால் வலிக்கும், அலுத்துப்போயிருக்கும், தெரியும். உன் வெங்காயத்தையெல்லாம் நானே பொறுக்கி எடுத்துவிட்டுக் கொண்டுவருகிறேன், தினமும். நீ அப்படியே உட்கார்ந்திரு அக்கா. எழுந்துவிடாதே.

உன் தங்கை