கல்யாணப் படத்தில் அம்மா ஏன் இல்லை?

என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. இன்றைக்கு உங்களிடம் கத்த வந்திருக்கிறேன். கோபம் உங்கள் மேல் இல்லை. வீட்டில் யாரிடம் வாயைத் திறந்தாலும் "பொறுமையா இரும்மா" என்கிறார்கள். நான் கத்தி முடிக்கும்வரை வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

எனக்கு விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கல்யாணம் நிஜக் கல்யாணம் என்று நம்ப முடியவில்லையாம். அதை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். எந்த நாடு என்று இங்கே எழுத மாட்டேன். மறுபடி அதே வாசலில்தானே போய் நிற்க வேண்டும்?

நீங்கள் பார்த்து நிச்சயம் செய்த அதே குமரன்தான் அப்பா. "வெளிநாட்டு ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கிற பையன், பேச்சுல பதவிசு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்களே. நடவு முடிந்த பத்தாம் நாள் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் கல்யாணம் தள்ளிப்போகும் என்றார்கள் பெரியவர்கள். திருவிடைமருதூரில் நீங்கள் பேசி வைத்த மண்டபம் வேண்டாம் என்றாகிவிட்டது. நம் வீட்டு வாசலில் ஒரு பந்தல், ஒப்புக்கு ஒரு மேளம், அவ்வளவுதான். தாரை வார்த்துக் கொடுத்தது சித்தப்பாவும் சித்தியும்.

அந்தக் கல்யாணத்தைத்தான் சென்னையில் தூதரகத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நிரூபிக்கச் சொன்னார்கள். அதற்காகவே குமரன் லீவு போட்டு வந்தார். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, தமிழில் சொல்ல ஒரு பெண், எனக்குப் பின்னால் காது கொடுத்துக்கொண்டு ஒரு வரிசை.

உங்கள் கணவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்? அவர் உடம்பில் தழும்பு இருக்கிறதா, எங்கே? சீ! தோழியிடம்கூடச் சொல்லாததை மைக்கில் சொன்னேன் அப்பா. கல்யாணமாகிப் பத்தொன்பது நாள் சேர்ந்து இருந்திருக்கிறோம். அந்தப் பத்தொன்பது நாளையும் உதறி உதறிப் பார்த்தார்கள்.

கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார்கள். நாற்பது என்று குமரன் சொல்லியிருக்கிறார், நான் எழுபது என்றேன். தாலி கட்டும்போது பந்தலில் இருந்த தலையை அவர் எண்ணியிருக்கிறார். நான் விழுந்த இலையைச் சொன்னேன். நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு எத்தனை பேர் என்றால் எத்தனை இலை என்றுதானே அர்த்தம்? முரண்பாடு என்று குறித்துக்கொண்டார்கள்.

வெளியே பெஞ்சில் அதிராம்பட்டினத்துப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நிக்காஹ் நேரத்துல ரெண்டு பேரும் சேந்து உக்காந்த போட்டோ எங்கன்னு கேக்குறாங்கக்கா. மாப்பிள்ளை பள்ளிவாசல்ல, நான் வீட்டுல. எப்படிக்கா ஒரே போட்டோவுல வர்றது?" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் போன ஜோடியிடம் ட்ரோன் வைத்து எடுத்த ஆல்பம் இருந்தது. ஐந்தே நிமிஷத்தில் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஆனால் அப்பா, என்னைக் கவிழ்த்தது இலைக் கணக்கு இல்லை. அதிகாரி எங்கள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்கள் தாயார் உயிரோடுதானே இருக்கிறார்? ஏன் ஒரு படத்தில்கூட இல்லை?"

என்ன சொல்வேன்? "எங்கப்பா இறந்துட்டாங்க. அதனால அம்மா மணமேடைக்கு வரக் கூடாதுங்க" என்றேன். தமிழில் சொல்லும் அந்தப் பெண் ஒரு நொடி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகுதான் மொழிபெயர்த்தாள். அதிகாரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "தாயாருக்கு இந்தத் திருமணம் பிடிக்கவில்லையா?" என்றார்.

எழுபது இலைக்கும் நின்று சமைத்தவளே அம்மாதான், அப்பா. "தாலி அறுத்தவ மணவறைப் பக்கம் வரப்படாது, புள்ளைக்கு ஆகாது" என்று உங்கள் அக்கா, என் பெரிய அத்தை, சமையற்கட்டு நிலைப்படியில் காலை நீட்டிக்கொண்டு காவல் உட்கார்ந்திருந்தாள். மேளச் சத்தத்தை வைத்துத்தான் என் கழுத்தில் தாலி ஏறியதை அம்மா தெரிந்துகொண்டாள்.

பெற்ற தாயை மகளின் கல்யாணத்தைப் பார்க்க விடமாட்டார்கள் என்பதை அந்த அதிகாரியால் நம்ப முடியவில்லை. அங்கே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கும்பகோணத்துக்கு ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. நம்ப முடியாத காரியத்தைத்தானே நாம் செய்திருக்கிறோம்? கேள்வி கேட்ட விதம் கேவலம்தான். ஆனால் அந்த ஒரு கேள்வியை நம் வீட்டில் யாருமே கேட்கவில்லையே. நானும்தான் கேட்கவில்லை. பட்டுப்புடவை சுற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என்னை நினைத்தால்தான் எனக்கு ரொம்ப அருவருப்பாக இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். குமரன் லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டார். சித்தப்பா ஓர் ஏஜெண்டைக் கூட்டி வந்தார். "கவலையே படாதீங்க. அம்மாவுக்கு நல்ல பட்டா கட்டி நிக்க வைங்க. மாப்பிள்ளையை கம்ப்யூட்டர்ல சேத்துக்கலாம். ஜோரா ஒரு ஆல்பம் போட்டுருவோம்" என்றான். நிஜக் கல்யாணத்தை நிஜம் என்று காட்ட ஒரு பொய்க் கல்யாணம்.

அதற்குப் பெரிய அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "படத்துக்குத்தானடி, நெசத்துக்கா? தாராளமா நிக்கட்டும்."

தூ! கல்யாணத்தன்றைக்கு ஆகாத அம்மா விசாவுக்கு மட்டும் ஆவாளா?

அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். என் கல்யாணத்துக்கு அவள் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே வாங்கி வைத்தீர்களே, அதே புடவை. மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. "எங்க நிக்கணும் தம்பி?" என்று ஏஜெண்டைக் கேட்டாள். எனக்காக எந்தப் பொய்யிலும் போய் நிற்கத் தயாராக இருந்தாள். நான் போட்ட கூச்சலில் ஏஜெண்டு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினான். உங்கள் அக்காவையும் பேசக் கூடாத வார்த்தையெல்லாம் பேசிவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

மறு விண்ணப்பத்தோடு வைக்க நானே ஒரு கடிதம் எழுதினேன். கணவனை இழந்த என் தாயை நாங்கள்தான் மணமேடைக்கு வர விடவில்லை, அது எங்கள் குற்றம், அவளுடைய விருப்பக்குறைவு இல்லை என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். கூடவே ஒரு படம். நானும் குமரனும் ஆரத்திக்கு நிற்கிற படம். ஓரத்தில் சமையற்கட்டு நிலை தெரிகிறது. அதற்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆரத்தித் தட்டைச் சித்தியிடம் நீட்டுகிறது. வளையல் இல்லாத கை. அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, "இதுதான் என் தாய்" என்று எழுதினேன்.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அத்தனையும் எழுதிட்டியாடி? அந்த ஊர்க்காரங்க நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்றாள். பிறகு படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அவசரத்துல மஞ்சக் கையைக் கழுவாமயே நீட்டியிருக்கேன் பாரு" என்றாள். புடவையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "பொய்யிக்குக் கட்டக் கூடாதுன்னுட்ட. சரி. நெசத்துக்கு எப்பத்தான் கட்டுறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது அப்பா. உங்களிடம் சொல்கிறேன். என் தம்பிக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. எனக்கு விசா வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு நான் இங்கேதான் இருப்பேன். அம்மா அரக்குப் பட்டோடு மேடையில் நிற்பாள், ஆரத்தித் தட்டை அவளே சுற்றுவாள். உங்கள் அக்கா நிலைப்படியில் காலை நீட்டினால் தாண்டிக் கூட்டிக்கொண்டு வருவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

அந்த மஞ்சள் கைக்கும் உங்களுக்கும் பிறந்த மூத்த பெண்,
வாசுகி