படலைக்கு வெளியே ஒரு போத்தல்

நவம்பர் 14, 1968

மழை. கடைக் கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. ஒன்று சரியாகத் தையல் மெசினுக்கு மேலே. சந்தைப் பக்கமிருந்து அழுகல் வெங்காய மணம். தலைமை வாத்தியாரின் காற்சட்டைக்கு இடுப்பில் இன்னும் ஓரங்குலம் விட வேண்டும். மனிசன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு தருகிறார். எனக்குத் தெரியாதாம்.

நடராசா செத்து இன்று நாலாம் நாள். என் லொறிக்கார நடராசா. குடித்துவிட்டு ஓட்டி, லொறி பிரண்டு, மூட்டை ஏற்றுகிறவனுடைய கால் போய், இவன் இரண்டு வருடம் மறியலில் கம்பி எண்ணினான். வெளியே வந்தபின் ஒரு வருடம் சாராயத்தைத் தொடவில்லை. முன்பு தவறணைக்குப் போகிற நேரத்துக்கு என் கடைக்கு வருவான். பாலில்லாத பிளேன் ரீ. கை நடுக்கத்தில் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி சொல்லுவான்: "ஊசியிலை நூல் கோக்கச் சொல்லாதை, உன்ரை கண்ணைக் குத்திப்போடுவன்."

பிறகு ஒரு நாள் வரவில்லை. அடுத்த நாளும். திரும்பவும் தவறணை. ஈரல் என்றார் டொக்டர்.

நவம்பர் 16

மழை விட்டது. வாங்க: பொத்தான், கறுப்பு நூல், மண்ணெண்ணெய்.

நடராசாவின் தமக்கை வந்தார். குரலை இறக்கி, "தம்பையா, எட்டுப் படையலுக்கு ஒரு போத்தல் சாராயம் கொண்டு வா. எட்டாம் நாள், செத்தவன் விரும்பினதெல்லாம் வைக்க வேணும். இல்லாட்டி அலைவான்."

"அவன்ரை பெண்சாதி சரசு விடாளே, அக்கா."

"அவளுக்குச் சொல்லாதை."

ஊர்ப் புதினத்தை அரை மணித்தியாலத்தில் மானிப்பாய்வரை அனுப்பக்கூடிய என்னிடம் இரகசியம். பாவம், வேறு ஆள் கிடைக்கவில்லை.

நவம்பர் 18

எட்டு. போத்தலைக் குடைக்குள் செருகிக்கொண்டு போனேன். வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. எல்லாரும் குடையைப் பார்த்தார்கள்.

இலையில் சோறு, மீன் குழம்பு, முருங்கைக்காய், சுருட்டு. பக்கத்தில் பிளேன் ரீ, பனங்கட்டித் துண்டு. தமக்கை எனக்குக் கண் காட்டினார். அதை நடராசாவின் மனைவி சரசு கண்டுவிட்டாள்.

"என்ன அண்ணை குடைக்குள்ளை?"

"மழை வந்தாலும் எண்டு..."

"உள்ளுக்கை என்ன எண்டு கேட்டனான்."

எடுத்தேன்.

"உது என்ரை படலை தாண்டக் கூடாது எண்டு அவர் இருக்கேக்கையே சொன்னனான்."

"அவன்ரை விருப்பமடி," என்றார் தமக்கை.

"விருப்பமோ? நீங்கள் சொல்லுங்கோ அண்ணை, உது அவருக்கு விருப்பமோ?"

சனம் முழுக்க என் வாயைப் பார்த்தது. ஒரு பகிடியும் வரவில்லை.

"விருப்பமெண்டால் வேண்டாமெண்டும் சொல்லலாம், தங்கச்சி. அவனாலை அது ஏலாமல் போச்சு."

தமக்கை அழத் தொடங்கினார். போத்தலைக் கொண்டுபோய், படலையைத் திறந்து வெளியே, வேலியோரம் வைத்தேன்.

படைத்ததைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு ஆம்பிளைகள் சந்தியில் வைக்க வெளிக்கிட்டோம். சரசு படலைவரை வந்தாள்.

"அண்ணை, அந்தப் போத்தலையும் கொண்டுபோய்ச் சந்தியிலை வையுங்கோ. அவர் போற வழியிலை கை நடுங்காமல் போகட்டும்."

வைத்தோம். திரும்பிப் பார்க்கக் கூடாதாம். பார்க்கவில்லை.

நவம்பர் 19

நல்ல வெயில். வாத்தியாரின் காற்சட்டை முடிந்தது. அவர் கதிரையில் குந்தும்போது என்ன ஆகுமோ.

காலையில் சந்தி வழியால் வந்தேன். பெட்டி கவிழ்ந்து கிடந்தது. சோற்றில் காகங்கள். போத்தலைக் காணவில்லை.

தேத்தண்ணிக் கடையில் அதுதான் கதை. "ஆர் எடுத்திருப்பான், தம்பையா அண்ணை?"

"நடராசாதான். உவ்வளவு கெதியா வேறை ஆர் வருவான்?"

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கப் பார்த்தேன். திறப்பு உள்ளே போகவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத்தான் உள்ளே விட்டேன்.