பின்னிருக்கையின் விலை

அன்புள்ளவளுக்கு,

பிக்கப் வண்டியை விற்றால்தான் வீட்டுக்கு வருவேன் என்று எழுதியிருந்தாய். நேற்று அமரில்லோ நகரத்துக்கு ஓட்டிப்போனேன். பழைய வண்டி வாங்கும் டுவெயின் சுற்றிச்சுற்றிப் பார்த்தான்.

"பின்னாடி அரைக் கதவுன்னா எவனும் சீண்ட மாட்டான் அண்ணே. இது நாலும் முழுக் கதவு, இன்ஜினும் பறக்குது. நல்ல விலை போகும். மூளைக்காரர்தான் நீங்க!"

மூளை உன்னுடையது. வயிற்றில் ஏழாம் மாதம் இருக்கையில், குழந்தையை ஏற்றி இறக்க முழுக் கதவு வேண்டுமென்று நீதான் பிடிவாதமாக நின்று வாங்கவைத்தாய். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து நாம் இருவர் மட்டும், முன்னால் உட்கார்ந்து திரும்பினோம்.

அவன் பின்கதவைத் திறந்தான். "ஒரு கறைகூட இல்லையே! பிள்ளைங்க ஏறினதே இல்லையா? அப்போ இன்னும் கூட்டித் தரேன்."

சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பின்னால் தூங்குகிறவள் விழித்துவிடக் கூடாது என்பதுபோல் வழியெல்லாம் மெதுவாகவே ஓட்டினேன்.

நீ வந்து விற்றுவிடு. எனக்கு மனம் வரவில்லை.

உன் கணவன்