டீசல் வண்டியைப் பற்றி என்னிடம் கேட்டார்கள்

நவம்பர் 4
பேரீச்சம்பழக் கிடங்கு முதலாளி பெல்காசெம் ஹாஜியார் வண்டியோரம் வந்து என் பேரைச் சொல்லிக் கத்தினார். “அல்லாவா! இருபத்தாறு வருஷமா இந்த டீசல் ஃபோர்க்லிஃப்ட்ட ஓட்டுற. இதுல நல்லது என்ன, கெட்டது என்னன்னு எழுதிக் குடு. பாட்டரி வண்டி வாங்கலாமான்னு யோசிக்கிறேன்.” நல்லவேளை, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் மெதுவாகப் பேசியிருப்பார்.

நவம்பர் 5
எழுதினேன். மழையில் ஓடும். சரளைக்கல் முற்றத்தில் திணறாது. மூன்று டன் பேரீச்சம்பழத்தை முனகாமல் தூக்கும். ஐந்து நிமிடத்தில் தொட்டி நிரம்பும். பாட்டரி என்றால் சார்ஜ் ஏற எட்டு மணி நேரம் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கும்.
எழுதாதது ஒன்று. அந்த இரைச்சலில் எல்லோரும் கத்துகிறார்கள், கையாட்டுகிறார்கள். அதனால், எனக்குக் காது போனது யாருக்கும் தெரியாது. காதைக் கெடுத்ததும் அதே இரைச்சல்தான்! சத்தமில்லாத வண்டி வந்தால் ஒரே நாளில் குட்டு உடைந்துவிடும். செவிட்டு ஓட்டுநரை எவன் வைத்துக்கொள்வான்?
‘கெட்டது’ என்ற இடத்தில் “பெரிதாக ஒன்றுமில்லை” என்று எழுதினேன்.

நவம்பர் 6
தாளைக் கொடுத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 13
ஓரானிலிருந்து மகள் நூரா போனில் பேசினாள். “நல்லதும்மா, நல்லது” என்றேன். எதற்குச் சொன்னேனோ. வீட்டில் பேச வேறு ஆளில்லை.

டிசம்பர் 2
கடுங்குளிர். கிடங்குக் கதவுகளைச் சாத்திவிட்டுப் பெண்கள் பழம் தரம் பிரித்தார்கள். நான் உள்ளே வண்டியில் பெட்டி அடுக்கினேன். முதுகில் ஏதோ விழுந்தது, திரும்பினால் அந்தப் பெண்களில் ஒருத்தி, மப்ரூக்கா, ஒரு பிடி பழத்தை வீசியிருக்கிறாள். “நிறுத்துய்யா! செவிடா நீ?” வாயசைவில் புரிந்தது. பின்னால் அவளோடு பழம் பிரிக்கும் ஹத்தா தரையில் கிடந்தாள். எவ்வளவு நேரம் கத்தினார்களோ. அவள் விழுந்த பிறகும் நான் இரண்டு நடை போய் வந்திருக்கிறேன், புகை விட்டுக்கொண்டே... அட பாவி!
பிஸ்க்ரா ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டாளாம். புகைதான் காரணமாம்.

டிசம்பர் 3
ஹாஜியாரிடம் தாளைத் திரும்ப வாங்கி எழுதினேன். ‘கெட்டது: மூடிய இடத்துக்கு இந்த வண்டி ஆகாது. புகை ஆளைக் கொல்லும். இரைச்சல் காதைத் தின்னும். என்னுடையதைத் தின்றுவிட்டது.’
படித்தார். மறுபடி படித்தார். ஏதோ சொன்னார்.
“எழுதிக் காட்டுங்க ஹாஜியார்” என்றேன். பேனாவை அவர் பக்கம் நீட்டினேன்.
எழுதினார்: “முற்றத்துல மட்டும் ஓட்டு. உனக்குக் காது கேக்காதுன்னு லாரிக்காரங்ககிட்ட நான் சொல்லிடுறேன்.”

ஜனவரி 5
நூராவுக்கும் எழுதி அனுப்பினேன். பதில்: “முன்னாடியே சொல்லக்கூடாதாப்பா? அன்னைக்கு போன்ல நான் அழுதுட்டிருந்தேன். நீங்க நல்லது நல்லதுன்னீங்க.”

ஜனவரி 18
உள்ளே பாட்டரி வண்டி. மப்ரூக்காதான் ஓட்டுகிறாள். நான் வெளியே, நாள் முழுக்கத் தனியாக, லாரிகளில் ஏற்றுகிறேன்.
இன்று கதவருகே நின்றபோது பார்த்தேன், மேசையைச் சுற்றி எல்லோர் வாயும் ஒன்றாக அசைகிறது. ஹத்தா கண்ணை மூடித் தலையாட்டுகிறாள். பாடுகிறார்கள்! இத்தனை வருஷத்தில் இவர்கள் வேலையில் பாடி நான் பார்த்ததில்லை. என் வண்டி எங்கே பாடவிட்டது?
எஞ்சினை அணைத்தேன். வாய்கள் நிற்கும்வரை அங்கேயே இருந்தேன்.